தம்பி வளர்க்கும் ஆமைகளும் அக்காவின் வீட்டு உறுதியும்

கேள்வி: நான் மட்டக்களப்புக் கல்லடியில் வசிக்கிறேன். சீதனமாக என் பெயருக்கு உறுதி எழுதித் தந்த வீட்டில் கணவர், மூன்று வயது மகள், அம்மா, திருமணமாகாத என் தம்பி எல்லோரும் ஒன்றாக இருக்கிறோம். தம்பிக்குச் சிறு வயதிலிருந்தே ஊர்வன மீது ஆசை. வளவின் பின்பக்கக் கொட்டிலில் இப்போது கடையில் வாங்கிய சிவப்புக் காது ஆமைகள் 14, உன்னிச்சைப் பக்கம் ஒருவரிடம் வாங்கிய நட்சத்திர ஆமைகள் 3, முகநூல் வழியாகக் கொழும்பிலிருந்து வரவழைத்த பச்சை இகுவானா என்ற பெரிய ஓணான்கள் 2, போன மாரி வெள்ளத்தோடு வளவுக்குள் வந்த வெங்கிணாந்தி (மலைப்பாம்பு)க் குட்டி ஒன்று ஆகியவை இருக்கின்றன. கிணற்றுக்குள்ளும் அப்பா காலத்திலிருந்து ஓர் ஆமை கிடக்கிறது. சிவப்புக் காது ஆமைகளில் கண் வீங்கிய ஒன்றுக்குப் பெயர் வைத்து இரவில் அதனோடு பேசுகிறான் தம்பி. டொரொண்டோவில் இருக்கும் மாமா ஓர் அமெரிக்க வழக்கைப் பற்றிய காணொளியை அனுப்பி, அளவுக்கு மிஞ்சிப் பிராணி வளர்ப்பவர்கள் மீது அங்கே வழக்குப் போடுகிறார்கள், அந்தச் சட்டம் இங்கும் வந்துவிடும், வீடு உன் பெயரில் இருப்பதால் நீதான் மாட்டுவாய் என்கிறார். பக்கத்து வீட்டார் நாற்றம் என்று முறையிடத் தொடங்கிவிட்டார்கள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று அம்மா ஒரு பக்கம் புலம்புகிறார். அடுத்த கிழமை தம்பி பொத்துவிலில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகிறான். அந்த நேரத்தில் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிடலாமா? கொட்டிலின் படங்கள் சிலவற்றையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் மாமா எதற்கு அஞ்சுகிறாரோ அதற்கு நீங்கள் அஞ்சத் தேவையில்லை. அவர் கவனிக்காமல் விட்ட வேறொன்றுக்கே அஞ்ச வேண்டும். இத்தனை பிராணிகளுக்கு மேல் வைத்திருந்தால் குற்றம் என்று எண்ணிக்கையை வைத்துத் தண்டிக்கும் சட்டம் எதன் கீழும் உங்கள் தம்பி இன்று மாட்டப்போவதில்லை. ஆனால் அந்தக் கொட்டிலில் நட்சத்திர ஆமை ஒன்றே ஒன்று இருந்திருந்தாலும், அது எவ்வளவு அன்போடும் துப்புரவோடும் வளர்க்கப்பட்டிருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது குற்றமே. உங்கள் கடிதம் எண்ணிக்கையையே சுற்றி வருகிறது. நம் நாட்டுச் சட்டமோ முதலில் இனத்தைக் கேட்கிறது, அடுத்து அது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறது, அதன் பிறகுதான் எந்த நிலையில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறது.

மாமா அனுப்பிய காணொளி அமெரிக்க வழக்கொன்றைப் பற்றியது என்று எழுதியிருக்கிறீர்கள். விலங்குகளை மிதமிஞ்சிச் சேர்ப்பதை ஒரு தனிச் சிக்கலாக ஆராயத் தொடங்கியவர்கள் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கால்நடை மருத்துவர்களும் உளநல அறிஞர்களுமே. 1990களின் பிற்பகுதியில் கேரி பட்ரோனெக் என்ற கால்நடை மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் வகுத்த வரையறை, எண்ணிக்கையை மட்டும் பார்க்கவில்லை. உணவு, துப்புரவு, இடம், மருத்துவம் ஆகியவற்றில் குறைந்தபட்சத்தைக்கூடக் கொடுக்க முடியாமை, அப்படிக் கொடுக்க முடியவில்லை என்பதையே உணராமை, உணராமலே மேலும் மேலும் சேர்த்துக்கொண்டு போதல் ஆகிய எல்லாம் சேர்ந்த நிலையையே அவர்கள் குறித்தார்கள். 2001இல் இல்லினோய் மாநிலம் இந்தக் கருத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோதும் "பெரும் எண்ணிக்கை" என்றதே தவிர எத்தனை என்று சொல்லவில்லை. அதே சட்டத்தில் வளர்ப்புப் பிராணி என்பதற்கு, வளர்ப்பவர் தம் வளர்ப்புப் பிராணியாகக் கருதும் விலங்கும் அடங்கும் என்று பொருள் கொடுத்திருப்பதால், அங்கே ஆமையும் ஓணானும்கூட அதற்குள் வந்துவிடும். குற்றவாளியாகக் காணப்பட்டவரை உளநலப் பரிசோதனைக்கு அனுப்பவும் அச்சட்டம் இடம் வைத்தது. 2008இல் ஹவாய் மாநிலம் இயற்றிய சட்டமோ நேர்மாறாக எண்ணைக் குறித்தது: 15க்கு மேற்பட்ட நாய்களையோ பூனைகளையோ வைத்துக்கொண்டு அவற்றுக்கு வேண்டியதைக் கொடுக்கத் தவறுவது குற்றம் என்றது. ஊர்வன அந்தக் கணக்கில் இல்லை. பாம்பு வளர்ப்பதையே ஹவாய் முற்றாகத் தடை செய்திருப்பது வேறு கதை.

மாமா வசிக்கும் டொரொண்டோவை எடுத்துக்கொண்டாலும் இதே வேறுபாட்டைத்தான் காண்பீர்கள். அந்த மாநகர சபையின் விதிப்படி ஒரு வீட்டில் மூன்று நாய்க்கும் ஆறு பூனைக்கும் மேல் வைத்திருக்க முடியாது. ஊர்வன என்று வரும்போது கணக்கு மாறிவிடுகிறது: வளர்ந்தால் 3 மீட்டரைத் தாண்டும் இனத்துப் பாம்பும், 2 மீட்டரைத் தாண்டும் இனத்துப் பல்லியும் ஒன்றுகூடக் கூடாது. எண்ணிக்கை வரம்பு நாய்க்கும் பூனைக்கும் பொருந்துகிற அளவுக்கு ஊர்வனவற்றுக்குப் பொருந்துவதில்லை என்பதே என் எண்ணமும். ஒரு பருவத்தில் பொரித்த நாற்பது பல்லிக் குஞ்சுகளைத் தனித்தனிப் பெட்டியில், வெப்பமும் ஈரமும் அளந்து பார்த்து வைத்திருக்கும் ஒருவர் சட்டத்தின் எண்ணைத் தாண்டிவிடுவார். மூன்றே மூன்று ஆமைகளைப் பச்சைப் பாசித் தண்ணீரில் போட்டு வைத்திருப்பவர் அதற்குள் அடங்கிவிடுவார். வெளிநாடுகளில் ஊர்வன வளர்ப்போர் இத்தகைய சட்டங்களைக் கண்டு முறையிடுவதில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு.

ஆனால் அதே வளர்ப்போர் சொல்லும் இன்னொரு வாதத்தை, உங்கள் தம்பியும் சொல்லியிருக்கக்கூடிய வாதத்தை, நான் ஏற்க மாட்டேன். ஊர்வனவற்றுக்கு அதிகம் தேவையில்லை, கிழமைக்கு ஒருமுறை போட்டால் போதும், அவை பாட்டுக்குக் கிடக்கும் என்பார்கள். பட்டினி கிடக்கும் நாய் சில நாளிலேயே எலும்பு தெரிய மெலிந்துவிடும். குரைக்கும், ஊளையிடும், அயலவர் வந்து கேட்பார்கள். ஆமை குரல் எழுப்பாது. அதன் உடல் வெப்பம் சூழலைப் பொறுத்தே அமைவதால் அது மிக மெதுவாகவே எரிபொருளைச் செலவழிக்கிறது. கவனிப்பாரற்று ஆறு மாதம் கழிந்த பின்னும் உயிரோடுதான் இருக்கும், அதன் ஓடும் பார்வைக்கு முன்போலவேதான் தெரியும். மெதுவாகச் சாகும் விலங்கை வைத்திருப்பவர் தம் தவறைத் தாமே காண்பது கடினம். பட்ரோனெக் குழுவினர் சொன்ன "உணராமை" நாய் வளர்ப்பவரைவிட ஆமை வளர்ப்பவருக்கு எளிதாக வந்துவிடுகிறது என்பதை நீங்கள் அனுப்பிய படங்களே காட்டுகின்றன.

அந்தப் படங்களில் ஒன்றைப் பெருப்பித்துப் பார்த்தேன். நீல நிறப் பிளாஸ்டிக் பரல் ஒன்றை நெடுக்காக வெட்டிக் கிடத்தியிருக்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீரில் அடி தெரியவில்லை. ஏறி உலர்வதற்கு ஒற்றைச் செங்கல் மட்டுமே இருப்பதால் ஐந்தாறு ஆமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அதில் தொற்றிக் கிடக்கின்றன. விளிம்பில் ஒரு சிரட்டையில் உலர்ந்த கூனி இருக்கிறது. மேலே கிடக்கும் ஆமையின் இரண்டு கண்ணிமைகளும் வீங்கி மூடியிருக்கின்றன. அதன் ஓட்டின் ஓரம் வெளிறி மேல்நோக்கி வளைந்திருக்கிறது. விலங்கு மருத்துவம் என் துறை அல்ல என்பதால் கால்நடை வைத்தியர் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். கூனியை மட்டும் தின்று வளரும் ஆமைக்கு உயிர்ச்சத்து ஏ குறைவதால் இமை வீங்குவதும், கல்சியமும் வெயிலின் புறஊதாக் கதிரும் போதாமையால் ஓடு மென்மையாவதும் தாம் அடிக்கடி காண்பவை என்றார் அவர். தகரக் கூரை போட்ட கொட்டிலுக்குள் வெயில் எப்படி வரும்? இன்னொரு படத்தில் உள்ள நட்சத்திர ஆமையின் ஓட்டில் ஒவ்வொரு கட்டமும் கூம்புபோல எழும்பி நிற்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். புல்லும் இலையும் மேய வேண்டிய பிராணிக்குச் சோறும் பிஸ்கட்டும் கொடுத்து வளர்த்தால் இத்தகைய குறை வருமாம். பின்னர் எவ்வளவு கவனித்தாலும் அந்தக் கூம்பு தணியாதாம்.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் சட்டம்தான். 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச்சட்டம் நூறாண்டைத் தாண்டிய பழைய சட்டம். அதில் குறித்த தண்டப்பணம் நூறு ரூபாய் என்பதால் பலர் அதைச் சிரித்து ஒதுக்குவார்கள். ஆனால் அதில் விலங்கு என்பதற்குக் கொடுத்திருக்கும் பொருளில், அடைத்து வைக்கப்பட்ட ஊர்வனவும் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நூறு ரூபாயோடு நின்றுவிடாமல் மூன்று மாதம் வரையான சிறைக்கும் அதில் இடமுண்டு. இந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக விலங்கு நலச் சட்டமொன்றின் வரைவைச் சட்ட ஆணைக்குழு 2006இல் முன்வைத்தது. அது ஆண்டுக்கணக்கில் இழுபட்டதைப் பார்த்து, ஆமைக்கும் சட்டமூலத்துக்கும் நடை ஒன்றுதான் என்று நீதிமன்ற வளவில் வேடிக்கையாகப் பேசிக்கொள்வதுண்டு. அதன் அடிப்படைக் கருத்து, ஒரு விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவருக்கு அதன் தேவைகளைக் கவனிக்கும் கடமை உண்டு என்பதாகும். அத்தகைய கடமை சட்டமாகும் நாளில், எண்ணிக்கையைச் சொல்லாமலே உங்கள் தம்பியின் கொட்டில் அதற்குள் அகப்படும்.

இனி உடனடி ஆபத்துக்கு வருகிறேன். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின் 30ஆம் பிரிவும் 2009ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தமும் சேர்ந்து உருவாக்கிய நிலை என்னவென்றால், அட்டவணையில் விலக்கப்பட்ட ஒருசில இனங்களைத் தவிர இந்நாட்டின் ஊர்வன பாதுகாக்கப்பட்டவை. அவற்றைப் பிடிப்பதும் கொல்வதும் விற்பதும் மட்டுமல்ல, வெறுமனே வைத்திருப்பதும் குற்றம். நட்சத்திர ஆமையும் வெங்கிணாந்தியும் கிணற்றில் கிடக்கும் குளத்து ஆமையும் இந்தப் பாதுகாப்புக்குள் வருகின்றன. காசு கொடுத்து வாங்கினேன் என்பது விடுவிக்கும் பதில் ஆகாது. விற்றவர் ஒரு குற்றம் செய்தார், வாங்கியவர் இன்னொன்று செய்தார் என்பதே அதன் விளைவு. வெள்ளத்தில் தானாக வந்தது என்பதும் அப்படித்தான். வெள்ளத்தோடு வந்த பாம்பை அடித்துக் கொல்லாமல் எடுத்து வைத்த உங்கள் தம்பியின் மனத்தை நான் மெச்சுகிறேன். ஆனால் அன்றே வனஜீவராசிகள் திணைக்களத்துக்குத் தெரிவித்திருந்தால் காப்பாற்றியவர் என்று இருந்திருக்க வேண்டியவர், மாதக்கணக்கில் கூட்டில் வைத்ததால் வைத்திருந்தவர் ஆகிவிட்டார்.

நட்சத்திர ஆமையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நமது உலர் வலயத்துப் பற்றைக்காடுகளிலும் வயலோரங்களிலும் சாதாரணமாகக் காண்பது என்பதால் அது அருமையானது என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் வளர்ப்புப் பிராணிச் சந்தைக்காக உலகில் மிக அதிகம் கடத்தப்படும் ஆமைகளுள் அதுவும் ஒன்று. அருகிவரும் இனங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் இலங்கை 1979இல் சேர்ந்தது. 2019இல் ஜெனீவாவில் கூடிய மாநாட்டில், இலங்கையும் சேர்ந்து முன்மொழிந்ததன் பேரில், நட்சத்திர ஆமை இரண்டாம் பட்டியலிலிருந்து மிகக் கடுமையான முதலாம் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. ஒரு வீட்டில் மூன்று நட்சத்திர ஆமைகள் இருப்பதைக் காணும் உத்தியோகத்தர், இவை வளர்க்கவா விற்கவா என்றே முதலில் யோசிப்பார். உங்கள் தம்பி அவற்றின் படங்களை முகநூலில் இட்டு "அழகு விலை கேட்கிறார்கள்" என்று எழுதியிருந்தாலோ, வேடிக்கையாக யாருக்காவது விலை சொல்லியிருந்தாலோ, அதை எனக்கு எழுதாவிட்டாலும் நீங்கள் அணுகும் சட்டத்தரணியிடம் மறைக்காதீர்கள்.

சிவப்புக் காது ஆமைகளும் இகுவானாக்களும் வேறு வகை. இவை அந்நிய இனங்கள். ஆமையின் தாயகம் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. உயிருள்ள ஊர்வனவற்றை நாட்டுக்குள் கொண்டுவர வனஜீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின்படி விலங்கு உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். உங்கள் தம்பி இறக்குமதி செய்யவில்லை என்பது உண்மைதான். ஆனால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும்போது, கடைக்காரர் தந்த பற்றுச்சீட்டும் வங்கி மூலம் பணம் அனுப்பிய பதிவும்தான் அவர் சொல்வதை உறுதிப்படுத்தும். இகுவானாவை விற்ற முகநூல் பக்கம் எந்த நேரமும் காணாமல் போய்விடலாம். அந்த உரையாடலை இன்றே படம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். அழித்துவிடத் தோன்றும். அழிக்க வேண்டாம்.

வீட்டு உறுதி பற்றிய உங்கள் அச்சம் நம் பகுதிக்கே உரியது. வீடும் வளவும் பெண் பிள்ளைக்குச் சீதனமாகப் போவதும், திருமணமாகும்வரை ஆண் பிள்ளை அக்காவின் வீட்டிலேயே இருப்பதும் மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோரத்திலும் வழமை. இதனால் எத்தனையோ வகையான வழக்குகளில், தம்பி செய்ததற்கு அக்காவின் முகவரிக்கு அழைப்பாணை வந்திருக்கிறது. நிலம் உங்கள் பெயரில் இருப்பதாலேயே அங்குள்ள எல்லாப் பொருளும் உங்கள் உடைமை என்று குற்றவியல் சட்டம் கொள்வதில்லை. ஒன்றை உடைமையில் வைத்திருத்தல் என்பதற்கு அது இருப்பதை அறிந்திருத்தலும், அதன்மேல் ஆளுகை இருத்தலும் தேவை. அறிந்திருக்கிறீர்கள் என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது. ஆளுகைதான் கேள்வி. கொட்டிலின் திறப்பு யாரிடம் இருக்கிறது? தம்பி வேலைக்குப் போனால் யார் தீன் போடுகிறார்கள்? விற்றவருக்குப் பணம் யார் கணக்கிலிருந்து போனது? தம்பியிடம் ஒரேயொரு முறைகூட இவற்றை அகற்றச் சொன்னதில்லையா? இவற்றுக்கான பதில்களைப் பொறுத்தே நீங்கள் சாட்சியா சந்தேகநபரா என்பது அமையும். கிணற்று ஆமையின் விடயத்தில் இந்த வேறுபாடு கொஞ்சம் தடுமாறும். அது தம்பியின் சேகரிப்பு அல்ல, வீட்டோடு வந்தது. கிணற்றில் ஆமை விட்டால் தண்ணீர் துப்புரவாக இருக்கும் என்று நம் பெரியவர்கள் நம்பிச் செய்ததை நானும் அறிவேன். அதையும் ஒளிக்காமல் மற்றவற்றோடு சேர்த்துத் தெரிவிப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு.

அயலவரின் முறைப்பாட்டை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எண்ணிக்கைச் சட்டம் இல்லாத நாட்டில், அளவுக்கு மிஞ்சி விலங்கு வைத்திருப்பவர் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் நீதிமன்றத்துக்கு வருகிறார். நாற்றம், கழிவுநீர், நுளம்பு என்று முறைப்பாடு போனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார்; 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ், பொதுத் தொல்லையை அகற்றுமாறு நீதவான் கட்டளையிடலாம். அது நாற்றத்துக்கான நடவடிக்கை. ஆனால் நாற்றத்தைப் பார்க்க வந்தவரின் கண்ணில் நட்சத்திர ஆமை படாமல் போகுமா? இந்த வழியில் வரும் முறைப்பாடு உங்கள் பெயருக்கே வரும் என்பதையும் சொல்லி வைக்கிறேன், ஏனெனில் தொல்லைக்கு இடமளித்த காணியின் உரிமையாளர் நீங்கள்.

அப்படியானால் என்ன செய்வது? பாதுகாக்கப்பட்ட விலங்குகளை, அதாவது நட்சத்திர ஆமைகள், வெங்கிணாந்தி, கிணற்று ஆமை ஆகியவற்றை வனஜீவராசிகள் திணைக்களத்திடம் ஒப்படைக்க வேண்டும்; அதைத் தம்பி தாமாகவே, ஒரு சட்டத்தரணி மூலம் எழுத்தில் தெரிவித்துச் செய்ய வேண்டும். தாமாக ஒப்படைத்தால் வழக்கே வராது என்ற உறுதியை என்னாலோ வேறு எந்தச் சட்டத்தரணியாலோ தர முடியாது. ஆனால் சோதனையில் பிடிபட்டவரும் கடிதம் எழுதிக் கூப்பிட்டவரும் நீதவானின் முன் ஒரே ஆளாக நிற்பதில்லை. அந்தக் கடிதத்திலேயே அந்நிய இனங்களின் விபரத்தையும் சேர்த்து, அவற்றை என்ன செய்ய வேண்டும் என்று திணைக்களத்தின் அறிவுறுத்தலைக் கேட்டுவிடுவது நல்லது. அவசரமானால் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. ஆனால் உங்கள் விடயத்தில் முதல் அடி தொலைபேசியாக அல்லாமல் கடிதமாக இருப்பதையே விரும்புவேன், ஏனெனில் கடிதத்தில் திகதி இருக்கும், பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டும் இருக்கும்.

உத்தியோகத்தர் வந்து வாக்குமூலம் எடுத்தால், அது தமிழில் எழுதப்படுவதற்கும் தமிழில் வாசித்துக் காட்டப்படுவதற்கும் வற்புறுத்துங்கள். 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தின்படி வடக்குக் கிழக்கில் நிருவாக மொழி தமிழ். இது சலுகை அல்ல. அம்பாறைப் பக்கம் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் விளங்காமல் கையெழுத்திட்டுவிட்டு, "நான் வளர்த்தேன்" என்று சொன்னது "நான் பிடித்தேன்" என்று எழுதப்பட்டிருப்பதை நீதிமன்றத்தில் அறிந்துகொண்ட கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள்.

எதைச் செய்யக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் இறுதிப் பகுதியில் அந்த எண்ணம் தொனிக்கிறது. நட்சத்திர ஆமைகளை உரப்பையில் கட்டி மோட்டார் சைக்கிளில் வைத்து உன்னிச்சைப் பக்கக் காட்டில் விட்டுவிட்டு வருவதாக யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் மறித்தால், கொண்டு போனவர் விடப் போனாரா விற்கப் போனாரா என்று யார் நம்புவார்கள்? கொட்டிலில் நெருக்கி வளர்ந்த பிராணி காட்டு ஆமைகளுக்கு நோயைக் கொண்டுபோகும் ஆபத்தும் உண்டு. சிவப்புக் காது ஆமைகளை வாவியிலோ கோயில் தீர்த்தக்குளத்திலோ விடுவது அதைவிட மோசம். புண்ணியம் என்று நினைத்துப் பலர் அப்படிச் செய்கிறார்கள். அது உலகின் மிகக் கேடான நூறு ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இடம்பெற்ற ஆமை. ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே அதன் இறக்குமதியை நிறுத்தியது. கடையில் ஐந்து ரூபாய்க் குற்றியளவில் இருப்பது வளர்ந்தால் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவாகி, இருபது முப்பது ஆண்டு வாழும். நம் குளங்களில் ஏற்கெனவே இருக்கும் பாலாமையின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும். திணைக்களம் அவற்றை வைத்திருக்கலாம் என்று சொன்னால், பதினான்கையும் அல்ல, தொட்டியும் வெயிலும் வடிகட்டியும் எத்தனைக்குக் காணுமோ அத்தனையை மட்டும் வைத்துக்கொள்ளத் தம்பியைச் சம்மதிக்க வையுங்கள்.

அடுத்த கிழமை தம்பி இல்லாத நேரத்தில் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். அதற்குச் சட்டக் காரணம் ஒன்று: அவர் இல்லாதபோது நீங்கள் அவற்றை எடுத்து ஒப்படைத்தால் ஆளுகை உங்களிடம் இருந்ததாக நீங்களே காட்டிக்கொடுப்பதாகிவிடும், ஒப்படைத்தவர் என்று உங்கள் பெயரும் அடையாள அட்டை இலக்கமும்தான் பதிவாகும். மற்றக் காரணம் அவரைப் பற்றியது. உங்கள் தம்பிக்கு ஒரு மனநோய் இருப்பதாக நான் சொல்லவில்லை, சொல்லும் தகுதியும் எனக்கில்லை. ஆனால் விலங்குகளை மிதமிஞ்சிச் சேர்ப்போரைப் பற்றி அறிந்தவர்கள் எல்லாரும் ஒன்றைச் சொல்கிறார்கள்: அவரறியாமல் பறித்தால் அந்த இடம் சில மாதத்தில் மறுபடியும் நிறைந்துவிடும். 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு, பொருட்களைச் சேர்த்துக் குவிக்கும் கோளாறோடு சேர்த்து விலங்குகளைக் குவிப்பதையும் பேசுகிறது. அதாவது இது திருத்த வேண்டிய துடுக்குத்தனம் மட்டும் அல்ல. உங்கள் கடிதத்தில், அந்த வீங்கிய கண் ஆமைக்குப் பெயர் வைத்து இரவில் அதனோடு பேசுகிறான் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவரிடம் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட, அந்த ஆமையைக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோவோம் வா என்று தொடங்கினால் பேச்சு முன்னேறும் என்று நினைக்கிறேன். வைத்தியர் சொல்வதை அவர் தம் காதால் கேட்கட்டும். கடிதத்தில் கையெழுத்திடுவது அதன் பிறகு இவ்வளவு பாரமாக இராது.

ஆகவே அவர் பொத்துவிலிலிருந்து திரும்பி வரும்வரை எதையும் எங்கும் கொண்டுபோகாதீர்கள். அதற்கிடையில் மகளையும் அம்மாவையும் கிருமியிலிருந்து காக்கும் வேலைகளை மட்டும் செய்யுங்கள். ஊர்வனவற்றின் குடலில் சல்மொனெல்லா கிருமி இருப்பது சாதாரணம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் முதியோரையும் அது கடுமையாகத் தாக்கும். அமெரிக்கா 1975இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடுத்ததற்குக் காரணமே பிள்ளைகள் அவற்றை வாயில் வைத்ததுதான். பரலின் தண்ணீரைத் தம்பியைக் கொண்டே, அவர் புறப்படுமுன், மாற்றுவியுங்கள். அந்தத் தண்ணீரைக் கிணற்றடியிலோ குசினித் தொட்டியிலோ ஊற்ற வேண்டாம். கொட்டிலின் கதவுக்கு மகளின் கை எட்டாத உயரத்தில் ஒரு கொளுக்கி போடுங்கள். அம்மாவும் உள்ளே போய் வந்தால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும்.